சிங்கப்பூர் வேலைன்னு சொல்லி 3,800 வெள்ளிய முழுங்கிட்டாங்க, சுங்கை சிப்புட் மக்களே உஷார்

வேலை போயி வீட்டுல உக்காந்திருக்கிறவங்க, சிங்கப்பூர் பேக்டரி வேலைக்கு யார்கிட்டயாச்சும் காசு கட்ட இருக்கிறவங்க, தயவு செஞ்சி முதல்ல இதைப் படிங்க. எனக்குப் போனது 3,800 மலேசிய வெள்ளி. நேத்துதான் அந்த ஏஜென்சி கதவுல பூட்டு தொங்குறதப் பாத்துட்டு வந்தேன், வயிறு எரியுது.

கமுந்திங் பக்கம் குளோவ்ஸ் பேக்டரியில லைன்ல இருந்தேன். ஆர்டர் இல்லன்னு ஒரே மீட்டிங்ல எங்க சிஃப்ட்டையே நிறுத்திட்டாங்க. அஞ்சு வருசத்துக்கு மேல வேலை செஞ்சதால வருசத்துக்கு 20 நாள் சம்பளம்னு கணக்கு போட்டு குடுத்தாங்க, அது சட்டப்படி சரியாதான் வந்துச்சி. இந்த மாதிரி காசு கைக்கு வந்த ஆளுங்களாப் பாத்துதான் இவங்க வலை வீசுறாங்க.

டவுன்ல ஒரு கடைவீட்டு மேல்மாடியில அந்த ஏஜென்சி ஆபீஸ். செவுத்துல ஃபிரேம் போட்ட லைசென்ஸ், முருகர் படம், புதுசா மல்லிகைப்பூ. அம்மாவும் கூட வந்திருந்தாங்க. ஆபீஸ்ல இருந்த அக்கா எழுந்து வந்து "வாங்கம்மா, உக்காருங்க"ன்னு மைலோ கலக்கிக் குடுத்து, எந்த தோட்டம்னு விசாரிச்சாங்க. அம்மா தோட்டத்துப் பேரைச் சொன்னதும் "ஐயோ, எங்க பாட்டியும் அங்கதாம்மா பால்மரம் வெட்டுனாங்க"ன்னு அம்மா கையைப் புடிச்சிக்கிட்டாங்க பாருங்க, அங்கயே முடிஞ்சிது, அதுக்கப்புறம் அம்மாவே என்னைய "கட்டுடி, நம்ம ஆளுதான்"னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. 2,000 வெள்ளி பாண்ட் காசு (வெளிநாட்டு ஆளுக்குக் கட்டுற உத்தரவாதக் காசாம்), மீதி பெர்மிட், மெடிக்கல், ஹாஸ்டல். கொஞ்சம் கேஷ், கொஞ்சம் ஒரு தனி ஆள் பேர்ல இருந்த அக்கவுண்டுக்கு. குடுத்த ரசீதுல கம்பெனி பேரே இல்ல, பேனாவுல "டெபாசிட்"னு மட்டும் எழுதி ஒரு கோணல் கையெழுத்து.

அதோட விட்டாங்களா? "தங்கச்சி, சொக்சோ பக்கம் போயிடாத, வேலை இல்லாத ஆளுன்னு ரெக்கார்டு ஏறுனா பெர்மிட் ரிஜெக்ட் ஆயிடும்"னு வேற சொன்னாங்க. வேலை போனவங்களுக்கு உதவிக் காசு குடுக்குற இடமே சொக்சோதான், அங்கயே போகாதன்னிட்டாங்க, இதுதான் எனக்குத் தாங்கல.

அப்புறம் ஆரம்பிச்சிது சாக்கு. சிஸ்டம் டவுன், பாஸ் கேஎல் போயிட்டாரு, உன் பேரு அடுத்த பேட்ச்ல இருக்கு, தீபாவளி லீவு. நேர்ல போனா ஒரு பையன் உக்காந்துக்கிட்டு "அக்கா வெளிய போயிருக்காங்க, நம்பர் எழுதி வச்சிட்டுப் போங்க"ம்பான். கடைசியா "நீங்க அவசரப்படுறீங்க, அதான் கேஸ் லேட்டாவுது"ன்னு என் மேலயே பழி, அடுத்த நாள் வாட்ஸாப்ல பிளாக். 3,800 வெள்ளிங்க, அம்மா கூட்டு (சீட்டு) கட்டி சேத்த காசும் அதுல இருக்கு.

விசாரிச்சப்பதான் தெரியுது, சிங்கப்பூர்ல அந்த பாண்ட் மலேசியாக்காரங்களுக்குக் கெடையவே கெடையாது, மத்த நாட்டுக்காரங்களுக்கும் முதலாளிதான் கட்டணும். இல்லாத ஒண்ணுக்கு 2,000 வெள்ளி.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல, சுருக்கமா சொல்லிடுறேன். வேலை போனா 60 நாளுக்குள்ள பெர்கேசோவுல (சொக்சோதான் அது) எஸ்ஐபிக்கு, அதாவது வேலை போனவங்களுக்கான காப்புறுதிக்கு, மனு போட்டுடுங்க, முதல் மாசம் சம்பளத்துல 80 விழுக்காடு, அப்புறம் கொறஞ்சிக்கிட்டே வரும், நான் கடைசி நேரத்துல ஈப்போவுக்கு ஓடிப் போயி போட்டேன். அரசாங்கத்தோட மைஃபியூச்சர்ஜாப்ஸ் வெப்சைட்ல வேலை தேட ஒரு காசும் வேணாம். தனி ஆள் அக்கவுண்டு குடுத்தா மோசடி அக்கவுண்டான்னு பாக்குற போலீஸ் வெப்சைட் செமாக் மியூல்ல நம்பரைப் போட்டுப் பாருங்க, ஆனா அதுல சுத்தமா வந்தாலும் நம்பிடாதீங்க. ஆன்லைன்ல காசு போயிடுச்சின்னா அந்த நிமிசமே மோசடி புகார் லைன் 997க்கு அடிங்க, நான் போலீஸ் ரிப்போர்ட் போடுறதுக்குள்ள அந்த அக்கவுண்ட காலி பண்ணிட்டாங்க.

குவாலா கங்சார்லயும் இதே மாதிரி சிங்கப்பூர் வேலைன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்குன்னு இன்னைக்கு ஒரு அண்ணன் சொன்னாரு. அங்க யாராச்சும் கட்டப் போறீங்கன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, அந்த ரசீது போட்டோவ அனுப்புறேன், அதே கையெழுத்தான்னு பாத்துக்குங்க.