கழுத்துத் திருகலுக்கு போட்டுலினம் ஊசி: ஒரு சிகிச்சைப் பிரிவின் மதிப்புரை

கழுத்துத் தசைகள் தம்போக்கில் இறுகித் தலையை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் செர்விகல் டிஸ்டோனியாவுக்கு இன்று முதன்மையான சிகிச்சை, இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் டாக்சின் ஊசிதான். அதை எங்கே போட்டுக்கொள்ளலாம் என்று தேடுவோர் பெரும்பாலும் மருந்தின் பெயரையும் விலையையுமே விசாரிக்கிறார்கள். என் அக்கா சிகிச்சை பெற்றுவரும் தனியார் மருத்துவமனையின் இயக்கக் கோளாறுப் பிரிவை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், ஊசியைக் கையில் எடுக்கும் முன் மருத்துவர் கழுத்தை எவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறார் என்பதையே முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

இந்நோய் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. தலை பக்கவாட்டில் திரும்பிக்கொள்வது டார்டிகாலிஸ். காது தோளை நோக்கிச் சாய்வது லேட்டரோகாலிஸ். முகவாய் மார்பை நோக்கிக் குனிவது ஆன்டிரோகாலிஸ். தலை பின்னோக்கி வளைவது ரெட்ரோகாலிஸ். முதல் வகையே அதிகம் என்றாலும், பலருக்கு இரண்டு மூன்று வகைகள் கலந்தே இருக்கும், நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். தலை வலப்பக்கம் திரும்பினால் பெரும்பாலும் வலப்பக்கத்துப் பிடரியிலுள்ள ஸ்ப்ளீனியஸ் தசையும், கழுத்தின் முன்புறத்தில் இடப்பக்கத்து ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு தசையுமே அதற்குப் பொறுப்பு; ஆகவே தலை திரும்பியிருக்கும் பக்கத்தில் மட்டும் ஊசி போட்டால் பாதிக் காரணம் அப்படியே நிற்கும். இதற்கும் மேலாக, மண்டையோட்டை ஒட்டிய மேல்மூட்டுகளில் மட்டும் தலை திரும்புகிறதா, அல்லது கழுத்தெலும்புகளே சேர்ந்து திரும்புகின்றனவா என்று பிரித்துப் பார்க்கும் முறையும் வந்துவிட்டது. முன்னதற்கு டார்டிகேபுட் என்று பெயர். அதில் ஊசி போட வேண்டிய தசைகளும் மாறுகின்றன.

முன்பு வேறோர் இடத்தில் அக்காவை உட்காரவைத்த உடனேயே கழுத்தின் முன்பக்கம் இருபுறமும் ஊசி போட்டு அனுப்பினார்கள். திருகல் குறையவில்லை, சில வாரங்கள் தண்ணீர் விழுங்கவே சிரமப்பட்டார். விழுங்குவதில் சிரமம் இம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுதான். ஆனாலும் அப்படி நேரலாம் என்று அன்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போதைய பிரிவில் மருத்துவர் முதலில் அக்காவைக் கண்களை மூடச்சொல்லி, தலையை நேராக நிறுத்த முயலாமல் அது போகும் போக்கில் விட்டுவிடச் சொன்னார். பிறகு நடக்கவும் எழுதவும் வைத்துப் பார்த்தார். விரலால் கன்னத்தை லேசாகத் தொட்டால் தலை நேராகிவிடும் என்பதை அக்கா தாமாகவே கண்டுபிடித்து, பிறர் பார்க்கக் கூசி மறைத்துவந்தார். அது இந்நோய்க்கே உரிய அடையாளம் என்று மருத்துவர் விளக்கியபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க முடியாது. தோலில் பேனாவால் குறியிட்டு, தசையின் மின்னோட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் இ.எம்.ஜி. கருவியின் துணையோடுதான் ஊசி போட்டார்கள். தவறாக இறுகியிருக்கும் தசைக்குள் ஊசி நுழைந்ததும் கருவியின் இரைச்சல் எங்கள் காதுக்கே கேட்டது.

பலன் முதல் இரண்டு வாரங்களுக்குள் தெரியத் தொடங்கி, ஏறக்குறைய மூன்று மாதங்கள் நின்றது. கழுத்து வலிதான் முதலில் விலகியது. வலி குறைந்ததையே அக்கா பெரிய பயனாகச் சொல்கிறார். இது நோயை வேரோடு நீக்கும் மருந்தன்று, மீண்டும் மீண்டும் போட வேண்டியது என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். இம்மருந்து விற்கப்படும் வணிகப் பெயர்களான போடாக்ஸ், டிஸ்போர்ட், ஜியோமின் ஆகியவற்றின் யூனிட்டுகள் ஒன்றுக்கொன்று சமமல்ல. டிஸ்போர்டில் தொடக்க அளவாகக் குறிக்கப்படுவது 500 யூனிட், ஜியோமினில் 120 யூனிட். எண்ணைப் பார்த்து எது வலுவான மருந்து என்று முடிவு செய்யக் கூடாது. எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தத் தசையில் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். இவர்கள் கேட்காமலேயே எழுதித் தருகிறார்கள்.

குறைகளும் உண்டு. குப்பிக்கு முழு விலை வாங்கப்படுவதால் மருந்து மீந்தாலும் செலவு குறைவதில்லை. விளக்கத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், ஊசிக்குப் பிறகு விழுங்குவதிலோ மூச்சிலோ சிரமம் வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற முக்கியமான வரியை வயதானவர்கள் படிக்க வழியில்லை. அடுத்த ஊசிக்கு நாள் கிடைப்பதும் தாமதமாகிறது. பலன் வடிந்து வலி திரும்பிய பிறகே முறை வருவதால், கிளம்பும் அன்றே பன்னிரண்டு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.