'சியாங்' என்ற ஓர் எழுத்து: கையால் எழுதுவதா, கதையால் நினைவில் வைப்பதா, தட்டச்சு செய்வதா?

சீன மொழி கற்கத் தொடங்குவோர் எவரும் முதல் சில வாரங்களிலேயே ஒரு கேள்விக்கு வந்துசேர்கிறார்கள்: எழுத்துகளைக் கையால் எழுதிப் பழக வேண்டுமா, அல்லது படிக்கவும் தட்டச்சு செய்யவும் தெரிந்தால் போதுமா? பொதுப்படையாகப் பேசினால் இதற்கு முடிவு கிடைக்காது என்பதால், ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வழியும் அதை எவ்வாறு கற்றுத் தருகிறது என்று பார்க்கலாம். நினைத்தல், விரும்புதல், ஒருவரை எண்ணி ஏங்குதல் ஆகிய பொருள்களைத் தரும் 'சியாங்' என்ற எழுத்தில் மேலே இடப்புறம் மரமும் வலப்புறம் கண்ணும், அவை இரண்டையும் தாங்குவதுபோலக் கீழே இதயமும் உள்ளன; கோடுகள் மொத்தம் 13. சீனாவின் எளிமையாக்கப்பட்ட வரிவடிவத்திலும் தைவானின் மரபு வரிவடிவத்திலும் இது ஒரே மாதிரி எழுதப்படுவதால், எந்த வடிவத்தைக் கற்பது என்ற வழக்கு இங்கே எழாது.

முதல் வழி கட்டத்தாள். சீனத் தொடக்கப்பள்ளிகளில் பயன்படும் இத்தாளின் சதுரம் ஒவ்வொன்றும் நான்காகப் பகுக்கப்பட்டிருக்கும். 'வயல்' என்ற எழுத்தைப் போலத் தோன்றுவதால் அதன் பெயரே வயல் கட்டம். படுக்கைக்கோட்டுக்குப் பின் நெடுங்கோடு, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற வரிசைமுறை வெறும் சடங்கன்று. அடுத்த கோடு எது என்பதைக் கண் யோசிப்பதற்கு முன்பே கைக்கு உணர்த்துவது அதுதான். தனியாக நிற்கும்போது மரத்தின் கடைசிக் கோடு வலப்புறம் நீண்டு இறங்கும். 'சியாங்' எழுத்தில் பக்கத்தில் கண் இருப்பதால் அது ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கிவிடும். அச்செழுத்தைப் பல நூறு முறை பார்த்தவர்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார். ஐந்து முறை எழுதியவர் மறக்க மாட்டார். ஆனால் இவ்வழி நேரத்தை விழுங்கும். மேலும் ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை நிரப்பும்போது, பத்தாவது கட்டத்துக்குப் பிறகு கை மட்டுமே வேலை செய்கிறது, மனம் எங்கோ போய்விடுகிறது.

இரண்டாம் வழியினர் கதை சொல்வார்கள்: மரத்தைக் கண் பார்க்கிறது, இதயம் அதை நினைக்கிறது. அழகான கதைதான், ஒரே நாளில் மனத்தில் பதியவும் செய்யும். எனக்கு இதில் உள்ள மனக்குறை, கதை உண்மையான அமைப்பை மறைத்துவிடுகிறது என்பதே. மரமும் கண்ணும் சேர்ந்த மேற்பகுதி தனக்கென 'சியாங்' என்ற ஒலியுடைய தனி எழுத்து. அது இங்கே ஒலியைத் தருகிறது, பொருளைத் தருவது இதயம். கி.பி. 100ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'ஷுவோவென்' அகராதியே இவ்வெழுத்தை இப்படித்தான் பிரிக்கிறது. அந்த மேற்பகுதியின் தலையில் மூங்கிலை வைத்தால் பெட்டி என்று பொருள்படும் எழுத்து. ஒலி அதே 'சியாங்'. மழையை வைத்தால் உறைபனி, ஆனால் ஒலி 'ஷுவாங்' என்று சற்று விலகுகிறது. இந்த உறவுகள் எதையும் கதை காட்டாது.

மூன்றாவதான பின்யின் தட்டச்சு, 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட ரோமன் எழுத்துமுறையைப் பயன்படுத்துகிறது. ஒலியைத் தட்டினால் 'போன்ற', 'திசை', 'மணம்', 'ஓசை' எனப் பொருள்படும் எழுத்துகளும் தொனி (ஒலியின் ஏற்ற இறக்கம்) வேறுபாடு பாராமல் வரிசையில் வந்து நிற்கும். சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடையாளம் காணும் திறன் இதனால் வளர்கிறது. நினைவிலிருந்து வரைந்தெடுக்கும் திறன் வளர்வதில்லை. தூரிகையை எடுத்தால் எழுத்து மறந்துவிடுகிறது என்று சீனர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் இதனால்தான். ஒலிக்குப் பதிலாக எழுத்தின் உறுப்புகளைத் தட்டும், வாங் யோங்மின் 1983இல் உருவாக்கிய 'உபி' தட்டச்சு முறையில் மரம், கண், இதயம் மூன்றுக்கும் தனித்தனி விசைகள் உண்டு, ஆகவே வடிவம் மறக்காது. ஆயினும் விசைப்பலகையை மனப்பாடம் செய்யும் உழைப்பைத் தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனினும் எழுத்தைப் பயன்படுத்தக் கற்பதில் தட்டச்சே முந்துகிறது. 'வோ சியாங் ஹ ச்சா' என்றால் தேநீர் குடிக்க விரும்புகிறேன். 'வோ சியாங் நி' என்றால் உன்னை எண்ணி ஏங்குகிறேன். 'சியாங் ஜியா' வீட்டு ஏக்கம். பின்னால் வருவது வினையா, ஆளா, இடமா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுவதைக் கட்டத்தாள் ஒருபோதும் சொல்லித் தராது. நண்பருக்கு நாள்தோறும் நான்கு வரி தட்டச்சு செய்பவருக்கு அது தானாகவே பிடிபடும்.

2021இல் சீனா வெளியிட்ட மொழித்தகுதித் தரநிலை 3000 எழுத்துகளை அறிந்திருக்கக் கோரினாலும், கையால் எழுத வேண்டியவை என்று 1200ஐ மட்டுமே குறிக்கிறது. இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அந்தக் கையெழுத்து உழைப்பை முழு எழுத்துகளில் சிதறடிக்காமல் முதலில் உறுப்புகளில் செலவிட வேண்டும் என்பேன். மரம், கண், இதயம் மூன்றும் கைக்குப் பழகிய பிறகு 'சியாங்' எழுத்தை ஒரு பத்து முறை எழுதிவிட்டு வாக்கியங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கலாம். நாளை பெட்டிக்கான எழுத்து வரும்போது மூங்கிலை மட்டும் புதிதாகக் கற்றால் போதும்.