சென்னை – யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டருக்கு மூன்று வழி

முதலில் ஒரு கணக்கு. மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ சுமார் 355தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை; மதுரைக்குத் தென்மேற்கே சாய்ந்து போகணும், பலாலிக்கு நேர் தெற்கு. வீட்டில் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை, மேப்பைத் திறந்து அளந்து காட்ட வேண்டியதாயிற்று.

மனைவியின் சித்தி வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். நேரடி விமானம், கொழும்பு வழி, நாகைக் கப்பல் என்று மூன்று வழியிலும் போய்ப் பார்த்துவிட்டோம்.

நேரடி விமானம் சின்ன ஏடிஆர், விசிறி சுழலும் ரகம். பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே கடல் மறைக்காமல் தெரியும். ஆனால் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான். கொழும்புக்குப் போகும் ஜெட் 800ஐத் தொடும். அதனால்தான் 355 கிலோமீட்டர் பலாலிக்கும், 645 கிலோமீட்டர் கட்டுநாயக்காவுக்கும் (கொழும்பு விமான நிலையம் அங்கேதான்) அட்டவணையில் ஏறக்குறைய ஒரே நேரம்: ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி. டிக்கெட் தேடும்போது இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'ரெண்டும் ஒன்னுதானே, கொழும்புக்கே போட்டுடலாம்' என்று நானும் ஒருமுறை போட்டேன்.

பிற்பகலில் கட்டுநாயக்கா. அங்கிருந்து கொழும்பு நகரின் வெள்ளவத்தைக்குப் போய், இரவு பஸ் பிடித்து, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று வடக்கே ஏறினால் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். தெற்கே பறந்து வந்ததில் கிட்டத்தட்டப் பாதியைத் தரையில் திரும்பக் கடக்கிறோம்! விடியற்காலையில் வீங்கிய காலோடு இறங்கினேன். கொழும்பில் வேலை இருந்தால் சரி. யாழ்ப்பாணம் மட்டும் என்றால் இந்த வழி வேண்டவே வேண்டாம்.

பலாலியில் இறங்கினால் கதையே வேறு. குடிவரவு முத்திரை குத்தி வெளியே வந்து, பலாலி வீதியிலேயே நேராக வந்தால் அரை மணியில் கோண்டாவில். மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையம் போனதையும் சேர்த்தால், மொத்தம் ஆறு மணிக்குள் சித்தி வீட்டுப் புட்டு. இது ஒன்றும் புதுத் தடமும் இல்லை. 1947 டிசம்பரில் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே, கொழும்பை ஒட்டிய இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறை வழியாகத்தான் மதராஸ் வந்தது. இப்போதைய சேவை 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது.

கப்பல்? நாகப்பட்டினம் – காங்கேசன்துறை சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். ஆனால் சென்னைக்காரர் முதல்நாள் இரவே கிளம்பி 300 கிலோமீட்டர் நாகைக்குப் போகணும். துறைமுகத்தில் காத்திருப்பதையும் கூட்டினால், கொழும்பு வழிக்கு ஆகும் நேரம்தான் இதற்கும். நாகை, திருவாரூர், தஞ்சாவூர் பக்கத்து ஆட்களுக்கு அப்படியில்லை. அவர்களுக்குச் சென்னை வந்து பறப்பதுதான் சுற்று. எனக்கு அந்த நான்கு மணி நேரம் பிடித்திருந்தது, மனைவிக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தே பொழுது போயிற்று.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கப்பலை நம்பிக் கல்யாணத்துக்குக் கிளம்பாதீர்கள். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவை, பருவமழையால் சில நாட்களிலேயே நின்றது. அடுத்த கப்பல் ஓடியது 2024 ஆகஸ்டில்.