வெக்கையும் அசுரனும்: ஒரே நாளில் படித்துப் பார்த்தபின்

'வெக்கை'யை மூன்றாவது முறையாகப் படித்து முடித்த அன்று இரவே 'அசுரன்' படத்தையும் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே எனக்குப் பிடித்தவைதான். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது இதுதான் முதல்முறை. 'படம் பார்த்தாச்சே, நாவலை எதற்குப் படிக்கணும்?' என்று என் தங்கை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொன்ன பதில் நீண்டுபோய் இங்கே வந்து நிற்கிறது.

பூமணியின் நாவல் வந்தது 1982இல். அதைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த படம் வெளியானது 2019 அக்டோபரில். அடிப்படைக் கதை ஒன்றே. நிலத்துக்காகத் தன் அண்ணனைக் கொன்றுவிட்ட வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டுகிறான். அப்புறம் அப்பனும் மகனும் காடு மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். இவ்வளவுதான் இரண்டுக்கும் பொது.

நாவல் நேராக அந்த வெட்டிலேயே தொடங்கிவிடும். பையன் கையை வெட்டத்தான் நினைத்திருந்தான், வெட்டு விலாவுக்கு இறங்கிவிட்டது. யார் இவன், எதற்காக வெட்டுகிறான் என்று நமக்கு எதுவுமே தெரியாது. ஓடுகிறவனோடு நாமும் ஓட வேண்டியதுதான். விவரமெல்லாம் ஓட்டத்துக்கு நடுவே, அய்யாவும் மகனும் பேசும் பேச்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எந்தச் சாதிக்காரர், எந்தச் சாதிக்காரரை என்று பூமணி ஓரிடத்திலும் பெயர் சொல்வதில்லை. கரிசல் பேச்சும், யாருக்கு எவ்வளவு நிலம் என்பதும், யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன.

படம் இந்த மௌனத்தை நிரப்பப் பார்க்கிறது. அப்பா சிவசாமிக்கு ஒரு முழு இளமைக்காலத்தைக் கொடுக்கிறது. சாராயம் காய்ச்சும் துடிப்பான இளைஞன், மாரியம்மாள் மேல் அவன் வைத்த அன்பு, காலில் செருப்பு போட்டதற்காக அந்தப் பெண்ணுக்கு நடக்கும் கொடுமை, பஞ்சமி நிலத்துக்கான போராட்டம், கடைசியில் எரியும் குடிசைகள். அந்தத் தீயைப் பார்க்கும்போது 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டது நினைவுக்கு வராமல் இருக்காது. தலித் மக்களுக்கென்று பிரிட்டிஷ் அரசு 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறிப் போனது என்பதை ஒரு வெகுஜனப் படம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது பெரிய விஷயம். அந்தச் சொல்லையே இந்தப் படத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அந்த வகையில் நாவல் செய்யாத ஒன்றைப் படம் செய்திருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஃப்ளாஷ்பேக் ஓடும்போது எனக்கு ஒரு தவிப்பு இருந்துகொண்டே இருந்தது. சிதம்பரம் எங்கே போனான்? நாவல் முழுக்க அவனுடையது. கொலை செய்துவிட்ட ஒரு சிறுவனின் பயம், பசி, தூக்கம் இதைத்தான் பூமணி எழுதினார். படத்தில் அவன் அப்பாவின் வீரத்துக்குச் சாட்சியாகச் சுருங்கிவிடுகிறான். அடங்கிப்போன அப்பா ஒரு கட்டத்தில் எழுந்து அடிக்கிறார், தியேட்டர் கைதட்டுகிறது. நானும் தட்டினேன்தான். அதற்குப் பிறகு மகன் அப்பாவைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. நாவலில் இப்படியொரு திருப்பம் தேவைப்படவே இல்லை. அய்யா மேல் மகனுக்கும், மகன் மேல் அய்யாவுக்கும் உள்ள மரியாதை முதலிலிருந்தே அங்கே இருக்கிறது. 'ஏன் வெட்டினாய்?' என்று அதட்டுகிற அப்பா இல்லை அவர். பிள்ளை செய்த காரியத்தைத் தன் தோளிலும் ஏற்றிக்கொண்டு கூடவே நடக்கிறவர்.

படத்தில் என்னை மிகவும் உலுக்கிய இடம் சண்டைக் காட்சி இல்லை. மூத்த மகனைக் காப்பாற்ற சிவசாமி ஊரார் ஒவ்வொருவர் காலிலும் விழுவாரே, அதுதான். தனுஷ் அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்தவர். வளர்ந்த பிள்ளைகளின் தகப்பனாக அவர் முதுகு வளைவதைப் பாருங்கள். ஒரு காலில் விழுந்து எழுந்து அடுத்த காலுக்குப் போகும்போது உடம்பு மட்டும் போகும், முகத்தில் ஆளே இருக்க மாட்டார். அவருக்குத் தேசிய விருது கிடைத்ததற்கு எனக்கு இந்த ஒரு காட்சியே போதும். இதை எழுத்தில் எத்தனை பக்கம் எழுதினாலும் இவ்வளவு வலிக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். அதேபோல மகனை இழந்த பச்சையம்மாளாக மஞ்சு வாரியர். அழுகையைவிட, அழுகை நின்றபிறகு அவர் உட்கார்ந்திருப்பதுதான் பயமாக இருந்தது.

முடிவுக்கு வந்தால், நான் நாவலின் பக்கம்தான். நிலத்தையும் பணத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பை யாராலும் பிடுங்க முடியாது என்று சிவசாமி மகனிடம் சொல்லும் வசனம் ஊரெங்கும் பரவியது. நல்ல வசனம், தேவையான வசனமும்கூட. ஆனால் அதுவரை வலித்துக்கொண்டிருந்த ஒன்று அங்கே பாடமாக மாறிவிடுகிறது. நாவலில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. சரணடையக் கிளம்பி இரண்டு பேரும் நடக்கிறார்கள், அவ்வளவுதான். புத்தகத்தை மூடியபிறகும் அவர்கள் நடந்துகொண்டேதான் இருந்தார்கள் எனக்குள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் எப்போதும் புத்தகம்தான் மேல் என்கிறாயா?' என்று கேட்பீர்கள். இல்லை. 'உதிரிப்பூக்க'ளை எடுத்துக்கொள்ளுங்கள். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வைத்து மகேந்திரன் 1979இல் எடுத்தது. புதுமைப்பித்தன் என் உயிர். இருந்தும் இந்த இரண்டில் எதை மறுபடி எடுப்பாய் என்றால் படத்தைத்தான் சொல்வேன். மகேந்திரன் கதையிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மரம் வளர்த்தார். ஊரே திரண்டு சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கவைக்கும் அந்தக் கடைசிக் காட்சியில், கெட்டவனான நான் உங்களையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவன் பேசுவான். அதுவும் வசனம்தான், ஆனால் அது நமக்கு எதையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதில்லை. கரையில் நிற்கும் குழந்தைகளோடு நம்மையும் நிற்கவைத்துவிடும்.

பொன்னியின் செல்வன் விஷயத்தில் என் மனது இரண்டாகத்தான் இருக்கிறது. ஐந்து பாகத் தொடர்கதையை இரண்டு படங்களில், ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் அடக்க வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆகவேண்டும். மணிமேகலையை எடுத்துவிட்டார்கள், சேந்தன் அமுதன் யார் என்ற ரகசியத்தையும் விட்டுவிட்டார்கள். இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கல்கியின் விளையாட்டுத்தனம் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அரிசிலாற்றங்கரையில் வந்தியத்தேவன் பொம்மை முதலை மேல் வேலை எறிந்துவிட்டு அசடு வழிவானே, பன்னிரண்டு வயதில் அதைப் படித்துச் சிரித்த சிரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. படத்தில் கார்த்தி அந்தத் துடுக்கைத் தன்னால் முடிந்தவரை காப்பாற்றினார். ஜெயராமின் ஆழ்வார்க்கடியானும் அப்படியே. மற்றவர்கள் எல்லோரும் ரொம்பவும் கவலையாக இருந்தார்கள்.

ஆனால் கடம்பூர் மாளிகையில் நந்தினியும் ஆதித்த கரிகாலனும் நேருக்கு நேர் நிற்கும் இடம்! நாவலில் அந்த அறையைச் சுற்றி ஒளிந்திருப்பவர்கள் கூட்டம் அதிகம். படத்தில் விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் மட்டும்தான் கண்ணில் நிற்கிறார்கள். கரிகாலன் சாகத்தான் வந்திருக்கிறான் என்பது அங்கே எனக்கு முதன்முதலாகப் புரிந்தது. அத்தனை வருடம் படித்தும் புரியாதது அது. ஆகவே இதற்கு மட்டும் இரண்டும் வேண்டும் என்பேன், புத்தகத்தை முதலில் வைத்து.

அசுரனுக்கும் அதே வரிசைதான் நல்லது. ஆனால் பெரும்பாலானவர்கள் படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். பரவாயில்லை, பயப்படாமல் நாவலை எடுங்கள். சிறிய புத்தகம், இரண்டு இரவுகளில் முடித்துவிடலாம். முதல் சில பக்கங்களுக்கு வட்டார வழக்கு தடுக்கும், அப்புறம் காது பழகிவிடும். தனுஷின் முகத்தை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படியுங்கள்.

தங்கைக்கு என் பிரதியைக் கொடுத்தனுப்பினேன். நான்கு நாள் கழித்து, "அண்ணா, இதில் ஃப்ளாஷ்பேக் எப்போ வரும்?" என்று போனில் கேட்டாள். வராது என்றேன். மறுவாரம் ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். "இந்த அய்யா பாவம்ணா. பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானான்னே இருக்கார்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.