டோக்கியோவில் முதல் வீடு: யூஆர் குடியிருப்பா, தனியார் வாடகை வீடா?

டோக்கியோவில் வேலை கிடைத்து வந்து சேரும் வெளிநாட்டவருக்குத் தங்குவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. அறை மட்டும் தனக்கென்று இருக்க, சமையலறையும் குளியலறையும் பொதுவாக உள்ள ஷேர் ஹவுஸ் ஒன்று. வீட்டு முகவர் மூலம் பிடிக்கும் தனியார் வாடகை வீடு இன்னொன்று. அரசு சார்ந்த நகர்ப்புற மேம்பாட்டு நிறுவனமான யூஆர் வாடகைக்கு விடும் அடுக்ககக் குடியிருப்பு மூன்றாவது. நான் முதலாவதில் ஏழு வாரம் இருந்தேன். இரண்டாவதைத் தேடி அலைந்து, கட்டணப் பட்டியலைக் கையில் வாங்கும் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவதில், டோக்கியோவின் கிழக்கே உள்ள எதொகாவா வட்டத்தில், நான்காவது ஆண்டாகக் குடியிருக்கிறேன். என் சாய்வு யூஆர் பக்கம்தான் என்பதை வாசிப்பவர் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கட்டும்.

ஷேர் ஹவுஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டில், குளிர்சாதனப் பெட்டி, இணையம் எல்லாம் இருக்கும், முன்பணமும் குறைவு. அதன் உண்மையான பயன் முகவரிதான். தங்கும் இடம் முடிவான 14 நாட்களுக்குள் வட்ட அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, குடியிருப்பு அட்டையில் அதை எழுதி வாங்க வேண்டும். வங்கிக் கணக்கும் கைப்பேசி ஒப்பந்தமும் அந்த அட்டையைக் காட்டினால்தான் நடக்கும். ஆகவே இறங்கிய நாளிலிருந்து ஓரிரு மாதம் அங்கே தங்கி, மற்ற இரண்டையும் நேரில் பார்த்து முடிவு செய்வது நல்லது. குடும்பத்தோடு வருபவர்களுக்கு இது ஒத்துவராது. நீண்ட நாள் தங்கினால் எப்படியிருக்கும் என்று ஏழு வார அனுபவத்தை வைத்து நான் சொல்லக் கூடாது.

தனியார் வீட்டைத் தேடும்போது முதலில் எதிர்ப்படுவது மறுப்பு. ஜப்பானிய நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர், வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே வீடு மறுக்கப்பட்டதாகத் தெரிவித்திருந்தார்கள். நான் சென்ற முகவர் என் எதிரிலேயே ஐந்து வீட்டு உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்தார். மூவர் என் வேலையையும் சம்பளத்தையும் கேட்பதற்கு முன்பே மறுத்துவிட்டார்கள். முகவர் மிகுந்த பணிவோடு என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று மாலை ரயிலில் திரும்பும்போது இருந்த மனநிலையை நான் மறக்கவில்லை. யூஆரில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. உரிய தங்கும் தகுதியும் வருமான வரம்பும் இருந்தால் போதும். பிணையாளர் வேண்டாம், கட்டணம் வாங்கிக்கொண்டு வாடகைக்குப் பிணை நிற்கும் நிறுவனமும் வேண்டாம். எங்கள் எதொகாவா வட்டத்தில், தோசாய் ரயில் தடத்தில் உள்ள நிஷிகசாய் நிலையத்தைச் சுற்றி, 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த இந்தியக் கணினிப் பொறியாளர்கள் குடியேறியதற்கு, ஒதேமாச்சி அலுவலகப் பகுதிக்கு ஒரே ரயிலில் போகலாம் என்பதோடு அங்கிருந்த யூஆர் குடியிருப்புகளும் முக்கியக் காரணம். இன்று அங்கே பருப்பும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகள் இருப்பது அதன் தொடர்ச்சிதான்.

இவை எல்லாவற்றையும்விட என் முடிவைத் தீர்மானித்தது ஒன்று: கொடுத்தால் திரும்பி வராத பணம். ஊரில் அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள், முன்பணம் எவ்வளவானாலும் காலி செய்யும்போது கைக்கு வரும் என்று எண்ணுவார்கள். இங்கே அப்படி இல்லை. மாத வாடகை 1 லட்சம் யென் உள்ள தனியார் வீட்டை எடுத்துக்கொள்வோம். ‘ஷிக்கிக்கின்’ என்னும் வைப்புத் தொகை ஒரு மாத வாடகை. இது கழிவு போகத் திரும்பும். ‘ரெய்க்கின்’ ஒரு மாத வாடகை. வீடு கொடுத்ததற்கு உரிமையாளருக்குச் செலுத்தும் நன்றித் தொகை என்பதே அதன் பொருள், அது திரும்பாது. முகவர் கட்டணம் வரியோடு 1.1 லட்சம், பிணை நிறுவனத்துக்கு அரை மாத வாடகை, பூட்டு மாற்ற ஏறக்குறைய 20,000 யென். முதல் மாத வாடகையையும் சேர்த்தால் சாவி கைக்கு வருமுன் 4.8 லட்சம் யென் போய்விடுகிறது. அதில் திரும்பி வராதது மட்டும் 2.8 லட்சம். முதல் சம்பளமே இன்னும் வராத ஒருவர் இதைக் கட்ட வேண்டும் என்பதுதான் கடினம். முகவர் கட்டணத்தைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். குடியிருப்பவரின் ஒப்புதல் இல்லாதபோது அவரிடமிருந்து அரை மாத வாடகையும் வரியும் மட்டுமே பெறலாம் என்பதுதான் விதி. ஒரு மாத வாடகையைக் கட்டணமாகத் தர ஒப்புக்கொள்வதாக எழுதியிருக்கும் வாசகத்தை விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் பார்த்துக் கேட்பது நம் உரிமை.

செலவு அதோடு முடிவதில்லை. டோக்கியோவில் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான். நீட்டிக்க ஒரு மாத வாடகையைப் புதுப்பிப்புக் கட்டணமாகக் கேட்பது வழக்கம். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டு, தொகையும் மிதமிஞ்சாமல் இருந்தால் அது செல்லும் என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே வாதாடிப் பயனில்லை. எனக்குக் காட்டப்பட்ட ஒப்பந்தத்தில் பிணை நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் 10,000 யென் வேறு இருந்தது. நான்கு ஆண்டு தங்கினால் புதுப்பிப்பு 1 லட்சமும் பிணைக்கு 30,000 யென்னும் சேர்ந்து, திரும்பாத தொகை மொத்தம் 4.1 லட்சம் ஆகிறது. 48 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் சுமார் 8,500 யென். அதாவது விளம்பரத்தில் 1 லட்சம் என்று போட்டிருக்கும் வீட்டின் உண்மையான வாடகை 1,08,500 யென். யூஆரில் ரெய்க்கின் இல்லை, முகவர் கட்டணம் இல்லை, புதுப்பிப்புக் கட்டணம் இல்லை. இரண்டு மாத வாடகை வைப்புத் தொகையாகவும், முதல் மாதத்துக்குக் குடியேறிய நாளிலிருந்து கணக்கிட்ட வாடகையும் பொதுச் செலவுக் கட்டணமும் கொடுத்தால் சாவி கிடைக்கும்.

காலி செய்யும் நாளையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்லர் என்பது அரசு வழிகாட்டுதலில் முன்பே இருந்தது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமையியல் சட்டத் திருத்தத்தில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. சுவர்த்தாளின் மதிப்பு ஆறு ஆண்டில் 1 யென்னாகக் குறைந்துவிடுவதாக அந்த வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. ஆனால் வைப்புத் தொகையும் ரெய்க்கினும் சுழியம் என்று விளம்பரம் செய்யும் சில தனியார் வீடுகளில், துப்புரவுக் கட்டணம், கெடுவுக்குள் காலி செய்தால் அபராதம் என்று ஒப்பந்தத்தின் சிறப்பு விதிகளில் அந்தப் பணத்தை வேறு பெயரில் எழுதியிருப்பார்கள். கடைசிப் பக்கங்களை ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்காமல் முத்திரை வைக்கக் கூடாது. யூஆரில் 14 நாட்களுக்கு முன் தெரிவித்துவிட்டுக் காலி செய்யலாம்.

இனி யூஆரின் குறைகள். பெரும்பாலான வீடுகள் வெறும் சுவரோடுதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் குளிரூட்டி இல்லை, எரிவாயு அடுப்பு இல்லை, அறை விளக்குகள்கூட இல்லை. குடியேறிய முதல் இரவைக் கைப்பேசி வெளிச்சத்தில் கழித்தோம். இரண்டு குளிரூட்டிகள், அடுப்பு, விளக்குகள் வாங்க ஏறக்குறைய 2 லட்சம் யென் ஆயிற்று. மேலே சொன்ன 4.1 லட்சத்தோடு ஒப்பிட்டால் நான்கு ஆண்டில் மிஞ்சுவது 2.1 லட்சம்தான், வாங்கிய பொருட்கள் நமக்கே சொந்தம் என்றாலும். இரண்டு ஆண்டுக்குள் ஊர் திரும்புபவருக்கு அந்த இலாபம் பெரிதாக இராது. பழைய குடியிருப்புகளில் ஐந்து மாடி வரை மின்தூக்கி இல்லாத கட்டடங்கள் உண்டு. குழந்தை வண்டியோடு ஏறுவது சிரமம். நிலையத்துக்கு அருகில் உள்ள புதிய யூஆர் கட்டடங்களின் வாடகை தனியாரைவிடக் குறைவு என்றும் சொல்ல முடியாது. முதலில் வருபவருக்கே வீடு என்பதால், காலையில் பட்டியலில் தெரிந்த நல்ல வீடு மாலையில் இருக்காது. வருமான வரம்பும் கண்டிப்பானது: குடும்பமாகக் குடியேறுபவர்களுக்கு, 82,500 யென்னுக்குக் குறைவான வாடகைக்கு அதன் நான்கு மடங்கும், அதற்கு மேல் 2 லட்சம் வரையுள்ள வாடகைக்கு 3,30,000 யென்னும் சராசரி மாத வருமானமாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் வாடகையின் நூறு மடங்கு சேமிப்பைக் காட்ட வேண்டும். படிக்க வருபவர்களுக்கு என் அனுபவம் வழிகாட்டாது.

எதொகாவா வட்டத்தில் எந்த வீடு பார்த்தாலும் வெள்ள அபாய வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். வட்டத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு, கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தாழ்நிலம். 2019இல் வட்ட நிர்வாகமே வெளியிட்ட வரைபடத்தில், பெருவெள்ளத்தின்போது இங்கே இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். தனியார் முகவரும் ஒப்பந்தத்துக்கு முன் வீடு அந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். 2020 ஆகஸ்டிலிருந்து அது கட்டாயம். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியை நாங்கள் விரும்பியே எடுத்ததற்கு இதுவே காரணம்.

ஜப்பானிய வாழ்க்கையை உள்ளிருந்து அறிய வேண்டும் என்பவருக்கு ‘டான்ச்சி’ என்று இங்கே அழைக்கப்படும் இந்த அடுக்ககத் தொகுதிகள் தரும் வாய்ப்பு, பூட்டிய கதவுகள் கொண்ட புதிய தனியார் கட்டடத்தில் எளிதாகக் கிடைக்காது என்றே நினைக்கிறேன். இவற்றில் பலவற்றைக் கட்டியது 1955இல் தொடங்கிய ஜப்பான் வீட்டுவசதிக் கழகம். அதன் வழிவந்ததுதான் இன்றைய யூஆர். பல பத்தாண்டுகளாக அங்கேயே வாழும் முதியவர்கள் படிக்கட்டில் நின்று பேசுவார்கள். எரியும் குப்பைக்கும் பிளாஸ்டிக்குக்கும் எந்த நாள் என்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் கீழ்வீட்டுப் பாட்டி; நாங்கள் குடியேறியதும் சிறிய துண்டு ஒன்றைப் பரிசாகக் கொண்டுபோய் வணக்கம் சொன்னதுதான் அந்தப் பழக்கத்தின் தொடக்கம். குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்து, புல்வெட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நின்றதால், கோடைத் திருவிழாவின் ‘பொன் ஓதொரி’ நடனத்துக்கு மேடை கட்டும்போது எங்களையும் கூப்பிட்டார்கள்.

தனியார் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களும் உண்டு. நிறுவனமே ஒப்பந்தக்காரராக இருந்து முன்செலவை ஏற்பவர்களுக்கு மேலே போட்ட கணக்கு பொருந்தாது. அவர்கள் குளிரூட்டி பொருத்திய, நிலையத்துக்குப் பக்கத்து வீட்டையே எடுக்கலாம். நகானோ, கிச்சிஜோஜி போன்ற மேற்குப் பகுதிகளில்தான் இருந்தாக வேண்டும் என்பவர்களும் தனியார் வீட்டைத்தான் பெரும்பாலும் நாட வேண்டியிருக்கும். மற்றவர்கள், இடம் மாறுவோர் குவியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தவிர்த்து, மே மாத விடுமுறைக்குப் பின் யூஆர் அலுவலகத்துக்கு நேரில் போய், காலியாக உள்ள வீடுகளின் சாவியை வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வரலாம்.