நெட்பொக்ஸ்: ஒரு போர்ட்டுக்கு ஒரு கேபிள்தான்

போன கிழமை வவுனியாவில் இருந்து நண்பன் ஒருவன் அழைத்தான். அவர்களுடைய சேர்வர் அறையை வேறு கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்களாம். "நீங்கள் நெட்பொக்ஸை வைத்துத்தானே மாற்றினீங்கள், நாங்களும் போடட்டோ?" என்று கேட்டான். ஒரு மணித்தியாலம் கதைத்தும் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. பாதி நேரம் புகழ்ந்தேன், மீதி நேரம் ஏசினேன். ஆறுதலாக இருந்து எழுதினால் அவனுக்கும் பயன்படும், எனக்கும் மனம் ஆறும்.

எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது, எந்தக் கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது என்று பதிந்துவைக்கும் மென்பொருள்தான் நெட்பொக்ஸ். டிஜிட்டல்ஓஷன் தன் தேவைக்காக எழுதி 2016இல் திறந்த மூலமாக வெளியிட்டது, காசில்லை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓடுகிறது. அது போதும். நாங்கள் 2024 தொடக்கத்தில் நிறுவி இன்றுவரை பாவிக்கிறோம். அப்போது எங்களிடம் மூன்று ராக் (சாதனங்களை அடுக்கிப் பூட்டும் இரும்புச் சட்டம்), 47 சாதனங்கள், இருநூறுக்கு மேல் கேபிள்கள். நல்லூர்ப் பக்கம் ஒரு பழைய மாடி வீட்டில் இருந்து அரியாலையில் ஏ9 வீதியோரம் உள்ள புதிய கட்டடத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். நல்லூரில் கொடியேறினால் 25 நாளுக்குக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் போக ஏலாது. அதற்கு முன் முடித்தே ஆகவேண்டும் என்பதால் ஜூன் பொசன் போயாவோடு சேர்ந்த வார இறுதியைக் குறித்தோம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஒரு கேபிளைப் பதியும்போது, அதன் இரண்டு முனையும் எந்தெந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) என்று இந்த மென்பொருள் கேட்கும். "பின்னால் எங்கேயோ போகிறது" என்று ஒரு கேபிளைப் பதிய முடியாது. அதனால் நானும் எங்கள் தம்பி ஒருவரும் இரண்டு கிழமை ராக்குக்குப் பின்னால் ரோர்ச் லைட்டோடு நின்று, ஒவ்வொரு வயராகக் கையால் பிடித்துக்கொண்டே போனோம். முக்கியமான தரவுத்தள சேர்வருக்கு இரண்டு பவர் சப்ளை. ஒன்று ஒரு யூபிஎஸ்ஸில், மற்றது இன்னொன்றில். இதை நான் கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கேபிளைப் பதியப் போகும்போதுதான் தெரிந்தது, இரண்டுமே ஒரே யூபிஎஸ்ஸில் செருகியிருந்தன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் ஒரு யூபிஎஸ் செத்துப்போனது. அந்த அவசரத்தில் யாரோ மாற்றிக் குத்தியிருக்கிறார்கள். புது யூபிஎஸ் வந்த பிறகும் யாரும் திருப்பி மாற்றவில்லை. இரண்டு வருடம் அப்படியே ஓடியிருக்கிறது. அன்று பின்னேரம் நான் வேறு வேலை பார்க்கவில்லை.

பாதையைத் தொடர்ந்து காட்டும் வசதியையும் சொல்ல வேண்டும். சேர்வரின் ஒரு போர்ட்டில் தொடங்கி, பட்ச் பனல் (கேபிள்களை இடையில் இணைக்கும் பலகை) ஒன்று, இரண்டு தாண்டி, வலையமைப்பை இணைக்கும் கடைசிச் சுவிட்ச் வரைக்கும் ஒரே படமாகக் கீறிக் காட்டும். பத்து வருடமாக என் தலைக்குள் மட்டும் இருந்த ஒரு விஷயத்தை முதன்முதலாக இன்னொருவருக்குத் திரையில் காட்டியது அன்றைக்குத்தான். ராக்கின் முன்பக்க, பின்பக்கப் படங்களும் வடிவானவை. அச்செடுத்துப் புதிய ராக்கின் கதவில் ஒட்டினோம், பொருத்த வந்தவர்கள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாதன வகைகளைச் சமூகத்தார் தொகுத்த நூலகத்தில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். பெயரில்லாத இரண்டு பழைய சுவிட்சுகளுக்கு மட்டும் நாங்களே அளந்து எழுதினோம்.

மின்சாரக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட், 16 அம்பியர் ஃபீட் (ராக்குக்கு வரும் மின்வழி) என்றால் 80 வீத எல்லை வைத்து 2944 வோட் என்று அதுவே கணக்குப் போடும். ஆனால் நாங்கள் பாவித்த பதிப்பில் ராக்குக்கு வரும் இரண்டு ஃபீடுகளையும் கூட்டித்தான் மொத்தத்தைக் காட்டியது. ஒன்று விழுந்தால் மற்றது தனியாகத் தாங்குமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றரால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள், லேபிளில் உள்ள வோட்டை நம்பாதீர்கள்.

சரி, இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

நெட்பொக்ஸில் ஒரு போர்ட்டில் ஒரு கேபிள்தான் இருக்கலாம். ஒரு சாதனம் ஒரு ராக்கில்தான் இருக்கலாம். நிஜத்திலும் அப்படித்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இடமாற்றம் என்றால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டு காலம் இருக்கிறது: இன்றைக்கு நல்லூரில் இந்தக் கேபிள், வார இறுதிக்குப் பிறகு அரியாலையில் அந்தக் கேபிள். கேபிளுக்குத் 'திட்டமிடப்பட்டது' என்று ஒரு நிலை உண்டு. அதை நம்பித்தான் தொடங்கினோம். ஓடிக்கொண்டிருக்கும் கேபிளை அழிக்காமல் திட்டமிட்ட கேபிளை அதே போர்ட்டில் பதிய விடவில்லை. இருக்கிறதை அல்ல, இருக்க வேண்டியதைப் பதியத்தான் இந்த மென்பொருள் என்று அதன் ஆவணமே சொல்கிறது. அப்படியானால் அடுத்த மாதம் இருக்க வேண்டியதை எங்கே பதிவது?

வேறு வழியில்லாமல் 47 சாதனங்களுக்கும் புதிய இடத்தில் நகல் செய்தோம். சொத்து எண் இரண்டு சாதனத்துக்கு ஒன்றாக இருக்கக்கூடாது என்பதால் நகல்களில் அது வெறுமை. ஒரே பெயர் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம் என்பதால் பெயரை அப்படியே விட்டோம். பிறகு கேபிள் பட்டியலை ஏற்றினால், இந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று மறுத்தது. நகல்கள் எல்லாவற்றுக்கும் பெயரின் கடைசியில் ஒரு எழுத்துச் சேர்த்தோம். திரும்ப ஏற்றினால், ஒரு வரியில் பிழை இருந்தாலும் முழுப் பட்டியலும் திரும்பி வரும். அது சரியான வடிவமைப்புத்தான், பாதி ஏறி நிற்பதைவிட நல்லது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஐந்தாவது தடவை திரும்பி வரும்போது அப்படித் தோன்றாது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது இடமாற்ற இரவில் நடந்தது.

சோளகக் காற்று அடிக்கும் காலம். திறந்த பட்டா வாகனத்தில் மெத்தை விரித்து, சேர்வர்களைப் பொலித்தீனால் சுற்றி, தூசி ஏறாமல் நான்கு நடையில் கொண்டுபோனோம். நள்ளிரவுக்குள் எல்லாம் ராக்கில் ஏறிவிட்டது. கேபிள்களில் ஏற்கனவே லேபிள் ஒட்டியிருந்ததால் குத்துவதும் கெதியாக முடிந்தது. இரண்டு மணிக்கு ஒரு ராக் முழுக்கத் தொடர்பில்லை. தூசி புகுந்துவிட்டதோ, ஏற்றி இறக்கும்போது அடிபட்டுவிட்டதோ என்று கேபிளை மாற்றினோம், சுவிட்சை மாற்றினோம். ஐந்து மணிக்குத்தான் காரணம் தெரிந்தது. போவதற்கு ஒரு கிழமைக்கு முன் மேல் சுவிட்சின் 47ஆம் போர்ட் பழுதாகி, தம்பி அந்த இணைப்பை 48க்கு மாற்றியிருந்தார். அதை நெட்பொக்ஸில் அன்றே ஒழுங்காகப் பதிந்தும் இருந்தார், உண்மையான சாதனத்தில். நகலில் 47 அப்படியே இருந்தது. லேபிள்களை நாங்கள் நகலில் இருந்து அச்செடுத்தோம்.

தம்பியில் பிழையில்லை. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். உண்மையை ஒரே இடத்தில் வை என்று சொல்கிற மென்பொருளே எங்களை அதை இரண்டாக்க வைத்தது. ஒன்று மாறியபோது மற்றதற்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த மூன்று மணித்தியாலத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் திங்கள் முழுக்க நகல்களை அழித்து, அசல் சாதனங்களைப் புதிய இடத்துக்கு மாற்றி, பழைய கேபிள்களை நீக்கிப் புதியவற்றை ஏற்றினோம். வரலாறும் ஐபி முகவரிகளும் அசலில்தான் இருந்தன, அவற்றை விட மனமில்லை.

இதற்கும் மருந்து வந்துவிட்டது, எங்கள் இடமாற்றம் முடிந்த பிறகு. நெட்பொக்ஸோடு சேர்த்துப் போடும், கிளை பிரித்து வேலை செய்யும் செருகுநிரல் அது. ஒரு கிளைக்குள் பழைய கேபிளை அழித்துப் புதியதைப் பதியலாம், அசல் அப்படியே இருக்கும், நாள் வந்ததும் ஒன்றுசேர்க்கலாம். இடையில் அசல் மாறி இரண்டும் முரண்பட்டால் காட்டிக்கொடுக்கும். போன வருடம் ஒரு சிறு மாற்றத்துக்குப் பாவித்தேன், நன்றாகவே இருந்தது. அன்றைக்கு அது இருந்திருந்தால் அந்த 47ஆம் போர்ட் முதலே பிடிபட்டிருக்கலாம்.

நண்பனிடம் இரண்டு ராக்தான் இருக்கிறது. இடமாற்றத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எக்செல் தாள் ஒன்று, லேபிள் ஒட்ட ஒரு கிழமை, அவ்வளவு போதும். நெட்பொக்ஸைக் கற்று, தரவை ஏற்றி முடிக்கும் நேரத்துக்குள் அவன் சாமான்களைக் காவிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவான். நாளைக்கே எங்களை இன்னொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னால் நான் நெட்பொக்ஸ் இல்லாமல் ஒரு வயரையும் கழற்ற மாட்டேன் என்பதும் உண்மைதான். அதையும் அவனிடம் சொன்னேன். அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. எதற்கும் அவனுடைய சேர்வர்களின் இரண்டு பவர் கேபிளும் எங்கே போகின்றன என்று கையால் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.