பாவ்ஃபெங் யுவி-5ஆர்: புயல் பைக்குள் இடம் கொடுக்கலாமா?

இந்தக் கையடக்க ஹாம் (அமெச்சூர் வானொலி) ஒயர்லெஸ் செட்டுக்கு, புயலுக்குத் தயாராக வைக்கும் அவசரப் பையில் இடம் கொடுக்கலாம், இரண்டாவது செட்டாக. 144-146 மெகாஹெர்ட்ஸில் பக்கத்துத் தெரு நிவாரண முகாமோடு பேசவும், சிக்னலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரைப் பிடிக்கவும் இதன் 4 வாட் போதும். ஆனால் பல ஒயர்லெஸ் செட்கள் ஒன்றாக ஓடும் கட்டுப்பாட்டு அறையில் இதன் ரிசீவர் திணறும். எல்லாமே ஒற்றைச் சிப்பில் அடக்கம், முன்னால் நல்ல ஃபில்டர் கிடையாது. பக்கத்தில் யாராவது பிடிடியை (பேசுவதற்கான பட்டனை) அழுத்தினாலே நமக்கு வர வேண்டிய குரல் அமுங்கிவிடும்.

கூடவே வரும் குட்டி ஆன்டெனா சுமார்தான். 49 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை ஆன்டெனா அடியில் இருக்கும் உலோக வளையத்தோடு இணைத்துக் கீழே தொங்கவிட்டால் போதும், 2 மீட்டர் பேண்டில் (அதே 144-146 மெகாஹெர்ட்ஸில்) சிக்னல் தெளிவாக ஏறும். வேறு ஆன்டெனா வாங்குபவர்கள் கவனிக்க: செட்டில் இருப்பது எஸ்எம்ஏ எனும் திருகு இணைப்பின் ஆண் முனை, ஆகவே ஆன்டெனா பெண் முனையாக இருக்க வேண்டும். மாடி ஆன்டெனாவின் தடித்த கேபிளை அப்படியே செட்டில் முறுக்காதீர்கள், கனம் தாங்காமல் முனை ஆடிப்போகும். நடுவில் மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் துண்டு ஒன்று வேண்டும்.

கரண்ட் போன பிறகுதான் உண்மையான சோதனை. 1800 எம்ஏஎச் பேட்டரி, கேட்பது மட்டுமென்றால் நாள் முழுக்க வரும். ஹை பவரில் ஓயாமல் பேசினால் மளமளவென்று இறங்கும். திரையில் உள்ள கட்டங்களை நம்ப வேண்டாம், கடைசி வரை நிறைந்தே காட்டும். 0 பட்டனை அழுத்திப் பிடித்தால் பல செட்களில் வோல்ட் தெரியும். சார்ஜர் தொட்டிக்கு 10 வோல்ட் தேவை, சாதாரண யுஎஸ்பி ஒயர் உதவாது. பவர் பேங்கிலிருந்து ஏற்ற, 5 வோல்ட்டை உயர்த்தித் தரும் தனி கேபிள் வாங்க வேண்டும். கார் பேட்டரிக்கு, பேட்டரி இருக்கும் இடத்தில் மாட்டி வோல்ட்டைக் குறைத்துத் தரும் எலிமினேட்டர் கிடைக்கிறது. 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் செட் காலி.

பலரும் கோட்டை விடுவது ரிப்பீட்டரைச் சேமிப்பதில்தான். மெனு 7-ஐ (இரண்டு சேனல்களை மாறி மாறிக் கேட்கும் வசதி) அணைத்து, மேல் வரியில் ரிப்பீட்டரின் அலைவரிசையை அடித்து, மெனு 25-இல் மைனஸ் (அனுப்பும் அலைவரிசை கீழே), 26-இல் 00.600 (எத்தனை மெகாஹெர்ட்ஸ் கீழே), 13-இல் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் ஒலிக்குறி) வைத்து, 27-இல் சேமிக்கிறார்கள். அங்கேயே நிறுத்திவிட்டால், அந்தச் சேனலில் பிடிடி அழுத்தும்போது ரிப்பீட்டர் வாய் திறக்காது. ஸ்டார் பட்டனைத் தட்டி, அனுப்பும் அலைவரிசையைத் திரைக்குக் கொண்டுவந்து, அதே சேனல் எண்ணில் மறுபடி 27 போட வேண்டும். லேப்டாப் இருந்தால் சேனல்களை நிரப்பித் தரும் சிர்ப் (CHIRP) மென்பொருளில் இந்த வேலையே இல்லை. மெனு 7 திறந்தே கிடந்தால் கடைசியாகச் சத்தம் வந்த சேனலுக்கு நம் பேச்சு போய்விடும், அவசரத்தில் கவனிக்கவும் முடியாது. பேட்டரியை மிச்சப்படுத்தும் மெனு 3-ஐயும் அணையுங்கள், இல்லாவிட்டால் எதிர்முனையின் முதல் வார்த்தை அறுபடும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை.

மழைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஸ்பீக்கர்-மைக் குழியின் ரப்பர் மூடி தானாகவே திறந்துகொள்ளும். ஜிப் கவர் இரண்டு வையுங்கள். ஹாம் லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுத்துப் பேசச் சொல்லவும் வேண்டாம்.